மூக்கில் ஐந்து துளை

பார்படோஸ் தீவின் கிராண்ட்லி ஆடம்ஸ் விமான நிலையம். 2020 பிப்ரவரியில் ஒரு காலை. குளிருக்குத் தப்பி வந்த சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு நிற்கும் பெரிய விமானங்களை விட்டு ஒதுங்கி, இரண்டு புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர்-42 ஒன்று நிற்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் ஏறும் ஏடிஆர்-72க்குத் தம்பி. இதில் பயணிகள் ஏறுவதில்லை. பிரான்சின் தூலூஸில் உள்ள சஃபீர் என்ற ஆராய்ச்சி விமானப் பிரிவுக்குச் சொந்தமானது. உள்ளே இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உலோக அடுக்குகளில் கருவிகளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அடுக்குக்கு அடுக்கு ஒயர்கள்.

மெக்கானிக் ஒருவர் சின்ன ஏணியைத் தூக்கிக்கொண்டு விமானத்தின் மூக்குக்கு வருகிறார்.

மூக்கின் முனையில் ஐந்து துளைகள். நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. கூட்டல் குறி போட்டாற்போல் இருக்கிறது. விரல் நுழையாத சிறு துளைகள். ஒவ்வொன்றிலும் கைவிளக்கு அடித்துப் பார்க்கிறார். சுற்றிலும் துணியால் துடைக்கிறார். உப்புப் பிடித்திருக்கக் கூடாது, பூச்சி அடைத்திருக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் நிற்கக் கூடாது. ஐந்தில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் விமானம் பறக்கும். காற்றை மட்டும் சரியாக அளக்காது. அவர் அவசரப்படவில்லை. இறங்கி, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்துவிட்டு ஏணியை மடக்குகிறார்.

இந்த ஐந்து துளைக்குள் நடப்பது எளிமையானது. விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது காற்று மூக்கில் மோதுகிறது. நேராக மோதினால் மேல் துளையிலும் கீழ்த் துளையிலும் ஒரே அழுத்தம். சற்றே கீழிருந்து மேலாக வந்து மோதினால் கீழ்த் துளையில் அழுத்தம் கூடும், மேலே குறையும். அந்த வித்தியாசத்திலிருந்து காற்று எத்தனை டிகிரி சாய்வில் வருகிறது என்று கணக்கிடலாம். இட வலத் துளைகள் பக்கவாட்டுச் சாய்வைச் சொல்லும். நடுத் துளையும் விமானத்தின் உடம்பில் வேறிடத்தில் எடுக்கும் அழுத்தமும் சேர்ந்து வேகத்தைச் சொல்லும். மூக்குக்கு முன்னால் நீளமான கம்பு நீட்டி அதன் நுனியில் கருவி வைப்பது பழைய வழி. கம்பு நடுங்கும், அந்த நடுக்கமும் காற்றின் கணக்கில் ஏறிவிடும். மூக்கையே கருவியாக்கிவிடலாம் என்பதை அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள வளிமண்டல ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த டொனால்ட் லென்ஷோவும் சகாக்களும் 1983இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார்கள். இன்று உலகத்தின் முக்கியமான ஆராய்ச்சி விமானங்கள் பலவற்றுக்கு இப்படித்தான் மூக்குக் குத்தியிருக்கிறது.

இன்ஜின் உறுமத் தொடங்குகிறது. உள்ளே ஹெட்போன் இல்லாமல் யாரும் யாரோடும் பேச முடியாது. முன்னால் இரண்டு விமானிகள். பின்னால் கருவிகளுக்கு எதிரே ஆட்கள். தலைமை விஞ்ஞானி நடு வயதுப் பெண். மடியில் மடித்து மடித்துத் தேய்ந்துபோன ஒரு பறப்புத் திட்டம். அவருக்குப் பின்னால் ஆராய்ச்சி மாணவர் ஒருவர். ஈரப்பதம் அளக்கும் கருவி அவர் பொறுப்பு. மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. பேச்சு முழுக்க பிரெஞ்சில். பேச்சும் கொஞ்சம்தான். உயரம், வேகம், 'தொடங்குகிறோம்', 'முடிந்தது'.

கிழக்கே திரும்பினால் ஆப்பிரிக்கா வரை கடல். அந்தக் கடலில் ஆண்டு முழுக்க ஒரே திசையில், கிழக்கிலிருந்து, வணிகக் காற்று வீசுகிறது. அதன் மேல் பஞ்சுப் பொதிபோலச் சின்னச் சின்ன மேகங்கள். அடிமட்டம் எழுநூறு மீட்டர் சொச்சத்தில் ஒரே வரிசையாக இருக்கும். பெருமழை பெய்யாத, புயல் எழுப்பாத இந்தச் சாதுவான மேகங்களுக்காகத்தான் நான்கைந்து நாடுகளின் விமானங்களும் கப்பல்களும் அந்த மாதம் பார்படோஸில் கூடியிருந்தன. பாரிஸின் சாண்ட்ரின் போனி, ஹாம்பர்க்கின் பியோர்ன் ஸ்டீவன்ஸ் இருவரும் முன்னின்று நடத்திய முயற்சி. யுரேகா என்று உச்சரிப்பார்கள். எழுதும்போது நடுவில் ஒரு 4 இருக்கும்.

கேள்வி இதுதான். இந்தக் குட்டி மேகங்கள் வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பரப்பை மூடிக்கொண்டு வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. பூமி சூடாக ஆக, கீழே உள்ள காற்றும் மேலே உள்ள காற்றும் இன்னும் அதிகமாகக் கலந்து, மேகத்தின் அடிமட்டம் உலர்ந்து, மேகங்கள் குறைந்துபோகும் என்று சில காலநிலை மாதிரிகள் கணக்குச் சொல்லின. குறைந்தால் வெயில் கூடும், பூமி மேலும் சூடாகும். உண்மையிலேயே அப்படி நடக்கிறதா? கலப்பது என்றால் எவ்வளவு கலக்கிறது? தரையில் உட்கார்ந்து இதற்கு விடை சொல்ல முடியாது. கடலுக்கும் மேகத்துக்கும் நடுவில் போய்க் காற்றின் மேலெழுச்சியையும் கீழிறக்கத்தையும் அளந்தாக வேண்டும்.

பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஹாலோ என்ற ஜெர்மன் ஜெட் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள வட்டம் அடித்துக்கொண்டு, பாராசூட் கட்டிய சின்னக் கருவிகளைப் போட்டுக்கொண்டே போகிறது. வட்டத்துக்கு ஒரு மணி நேரம், பன்னிரண்டு கருவி. கண்ணுக்குத் தெரியாத உயரம். ஏடிஆர் அதன் காலடியில், மேகத்தின் அடியைத் தொட்டுக்கொண்டும் அதற்குக் கீழே இறங்கியும் வேலை செய்கிறது. பெருமை மேலே இருப்பவனுக்கு. ஆட்டம் கீழே இருப்பவனுக்கு.

விமானம் இறங்குகிறது. அறுநூறு மீட்டர், முந்நூறு, பிறகு அறுபது. அறுபது மீட்டரில் கடல் நீலப் பரப்பாக இல்லை. அலை அலையாக, நுரை நுரையாகத் தெரிகிறது. காற்று முதுகில் தள்ளிய அலைகளின் வெள்ளைத் தலைகளை எண்ணலாம். முன்கண்ணாடியில் உப்புப் படிகிறது. விமானம் குலுங்குகிறது. பெரிய தூக்கிப்போடல் எதுவும் இல்லை. கப்பிக்கல் ரோட்டில் பஸ் போகும் இடைவிடாத நடுக்கம். மாணவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, ஜன்னல் வழியே அடிவானத்தைப் பார்க்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு காகிதப் பையை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

வெறுமனே பார்க்க வந்தவருக்கு இங்கே ஒன்று தோன்றும்: இந்தக் குலுக்கலைத்தானே அளக்கிறார்கள்? இல்லை. குலுக்கல் என்பது காற்றுக்கு விமானம் சொல்லும் பதில். ஏடிஆர் போன்ற விமானம் வினாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் போகும்போது, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மேலெழும் காற்றுக்குள் நுழைந்தால், உட்கார்ந்திருப்பவரின் எடை ஒரு கணம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடினாற்போல் இருக்கும். அதே காற்றில் கனமான ஜெட் லேசாகத் தலையாட்டும். சின்ன செஸ்னா குதிக்கும். மூன்று விமானிகளும் மூன்று விதமாகப் புகார் சொல்வார்கள். ஒருவர் 'லேசு' என்பார், ஒருவர் 'நடுத்தரம்' என்பார், ஒருவர் 'கடுமை' என்பார். அதனால்தான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானத்தைச் சாராத ஒரு அளவைக் கேட்கிறது. காற்றின் சுழிப்பு எவ்வளவு வேகமாகச் சிறுத்துச் சிறுத்து வெப்பமாகக் கரைகிறது என்பதை வைத்து அந்த அளவைக் கணக்கிடுகிறார்கள். காற்று ஒன்றுதான், அதில் போகிற வண்டிதான் வேறு.

இந்த வித்தியாசம் தெரியாத காலத்திலும் விமானங்கள் காற்றை அளந்தன. 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும், இடிமேகங்களுக்குள் போர்க்காலத்து பி-61 விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உயரங்களில் அனுப்பினார்கள். ஹோரஸ் பையர்ஸ் தலைமையில் நடந்த இடிமேகத் திட்டம். விமானிகளுக்குக் கொடுத்த உத்தரவு: உள்ளே போனபின் உயரத்தைப் பிடித்து நிறுத்தப் போராடாதே, விமானத்தை மட்டமாக வைத்துக்கொள், காற்று தூக்கினால் தூக்கட்டும். எத்தனை மீட்டர் தூக்கியது, எத்தனை மீட்டர் அழுத்தியது என்பதிலிருந்து எழுகாற்றைக் கணக்கிட்டார்கள். இடிமேகம் பிறந்து வளர்ந்து ஓயும் கதையைப் பாடப்புத்தகத்தில் எழுதியது அந்தப் பறப்புகள்தான்.

அளக்கவென்று போகாமலே அளந்துவிட்டு வந்த விமானமும் உண்டு. 1966 மார்ச் 5ஆம் தேதி பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707, ஜப்பானின் ஃபூஜி மலைக்கு அருகே நடுவானில் உடைந்து விழுந்தது. 124 பேரும் இறந்தார்கள். தேடப் போன அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹாக் விமானம் அதே இடத்தில் கடுமையாக அடிபட்டது. திரும்பி வந்தபின் அதன் முடுக்கமானியைப் பார்த்தால், ஒரு பக்கம் புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு, மறுபக்கம் நான்கு மடங்கு பதிவாகியிருந்தது. மலை முதுகில் இறங்கும் காற்று என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சியானது. ஆனாலும் அது பதிந்தது விமானம் பட்ட அடியை. காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் இருந்தது என்று அந்த எண் சொல்லாது.

அறுபது மீட்டரிலிருந்து ஏடிஆர் முந்நூறுக்கு ஏறுகிறது. எல் எழுத்துப்போல ஒரு ஓட்டம்: ஒரு கை காற்றின் திசையில், மறு கை குறுக்கே. ஹெட்போனில் விமானி கேட்கிறார்: "உயரத்தை இறுக்கிப் பிடிக்கவா?"

"வேண்டாம். இறக்கையை மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும். பத்து மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் விட்டுவிடுங்கள்."

பயணிகள் விமானத்தை ஓட்டிப் பழகியவருக்கு இது சிரமமான பாடமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அசைவையும் உடனே திருத்துவதுதான் அங்கே நல்ல கை. இங்கே திருத்துகிற ஒவ்வொரு முறையும் மூக்கு அசைகிறது, மூக்கு அசைந்தால் துளைகளில் மோதும் காற்றின் கோணம் மாறுகிறது. விமானியின் கைகள் ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, பிடித்திருக்கவில்லை.

திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தால் வேலையின் கஷ்டம் புரியும். விமானத்தின் வேகம் வினாடிக்கு 100 மீட்டர். அளக்க வேண்டிய எழுகாற்று அரை மீட்டர், ஒரு மீட்டர். அதைப் பத்தில் ஒரு மீட்டர் துல்லியத்தில் வேண்டும். நூறில் 0.1 என்பது கோணத்தில் 0.06 டிகிரி. அதாவது விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற இரண்டையும் 0.06 டிகிரிக்குள் சொல்ல வேண்டும். அந்தக் கோணத்துக்கு, மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடையே வரும் அழுத்த வித்தியாசம், ஒரு வீட்டில் மாடிப்படி ஏறினால் காற்றழுத்தம் எவ்வளவு குறையுமோ அதைவிடக் குறைவு.

அதோடு முடியவில்லை. துளைகள் சொல்வது விமானத்தைப் பொறுத்துக் காற்று எப்படி வருகிறது என்பதை மட்டும்தான். பூமியைப் பொறுத்து வேண்டுமென்றால், விமானம் பூமியைப் பொறுத்து எப்படிப் போகிறது என்பது தனியாகத் தெரிய வேண்டும். கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்த பெட்டி ஒன்று விமானத்தின் தலைதூக்கல், சாய்வு, திசை, வேகம் எல்லாவற்றையும் இடைவிடாமல் கணக்கிடுகிறது. இரண்டு பெரிய எண்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சும் சில்லறைதான் காற்று. இரண்டில் எதில் சிறு பிழை வந்தாலும் அது முழுதாகச் சில்லறையின் தலையில் விழும்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் இந்தப் பெட்டிகள் பாடாய்ப் படுத்தின. கைரோ மெல்ல நகரும். அந்தப் பிழை 84 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசலாடும். பூமியின் பருமனும் ஈர்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கும் ஊசல் அது. எந்தக் கம்பெனி செய்த பெட்டியானாலும் தப்ப முடியாது. நான்கு மணி நேரப் பறப்பில் அது மூன்று முறை ஆடிவிடும். காற்று ஆடியதா பெட்டி ஆடியதா என்று அந்தக்கால ஆட்கள் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இன்று ஜிபிஎஸ் அதைத் திருத்திக்கொண்டே வருகிறது.

வெப்பமானியிடமும் சும்மா கேட்டு எழுதிக்கொள்ள முடியாது. நூறு மீட்டர் வேகத்தில் வரும் காற்று கருவியில் மோதி நின்றதும் சூடாகிறது. ஏறக்குறைய 5 டிகிரி கூடுதலாகக் காட்டும். அதைக் கழிக்க வேண்டும். மேகத்துக்குள் போய் வெளியே வந்தால் வெப்பமானியின் கம்பி நனைந்திருக்கும். ஈரம் உலரும்போது குளிரும். காற்று குளிர்ந்ததாகக் கருவி பொய் சொல்லும். ஈரப்பதக் கருவி மூக்கில் இல்லை, சில மீட்டர் பின்னால் இருக்கிறது. நான்கு மீட்டர் பின்னால் என்றால், மூக்கு பார்த்த காற்றை அது வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தாமதித்துப் பார்க்கும். அளவுகள் வினாடிக்கு 25 முறை எடுக்கப்படுகின்றன. ஆக, ஒரு எண் தள்ளிப்போகும். அந்த ஒரு எண்ணைத் திரும்ப நகர்த்தி வைக்காவிட்டால் எழுகாற்றும் ஈரமும் ஜோடி சேராது.

ஜோடி சேர்வதுதான் இங்கே எல்லாம். மாணவரின் திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன. மேல் கோடு காற்று ஏறுவதையும் இறங்குவதையும் காட்டுகிறது, கீழ்க் கோடு ஈரத்தை. உற்றுப் பார்த்தால் மேல் கோடு முட்டிக்கொண்டு எழும் இடத்தில் கீழ்க் கோடும் எழுகிறது. மேல் கோடு தாழும் இடத்தில் அதுவும் தாழ்கிறது. ஒவ்வொரு தடவையும் இல்லை, பல தடவை. கடலைத் தொட்ட காற்று ஈரத்தை ஏற்றிக்கொண்டு மேலே போகிறது, உலர்ந்த காற்று அதன் இடத்துக்கு இறங்குகிறது. இரண்டு கோடுகளின் ஏற்ற இறக்கங்களைப் பெருக்கிச் சராசரி எடுத்தால், ஒரு சதுர மீட்டர் கடலிலிருந்து எவ்வளவு ஈரம் மேலே போகிறது என்று கிடைத்துவிடும். வணிகக் காற்று வீசும் கடல்களில் இது சதுர மீட்டருக்கு 150 வாட் என்பது சாதாரணம். கடல்மட்டத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சமம். சட்டியில் கொதிப்பதுபோல ஒரே சீராக அது போவதில்லை. சுழி சுழியாக, தவணை தவணையாகப் போகிறது. ஒரு சுழி ஒரு கிலோமீட்டர் அகலம் இருக்கலாம். நம்பத்தகுந்த சராசரி வேண்டுமென்றால் நூறு நூற்றைம்பது சுழிகளையாவது கடக்க வேண்டும். கோபுரம் கட்டி உட்கார்ந்தால் காற்று கொண்டுவந்து கொடுக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விமானம் இருபது நிமிடத்தில் 120 கிலோமீட்டரைக் கடந்துவிடுகிறது. விமானத்தின் தேவையே அதுதான்.

அவ்வளவு வேகத்தில் போவதால் இன்னொரு வசதியும் உண்டு. விமானம் கடக்கும் நேரத்துக்குள் சுழிகள் உருமாறிவிடாது. உறைந்து நிற்பதாகவே வைத்துக்கொள்ளலாம். இந்த யோசனை 1938இல் ஜி. ஐ. டெய்லர் சொன்னது. அவர் வெறும் கணக்கு வாத்தியார் இல்லை. டைட்டானிக் மூழ்கிய மறு ஆண்டு, 1913இல், பனிப்பாறைகளைக் கண்காணிக்கப் போன ஸ்கோஷியா கப்பலில் ஏறி, வட அட்லாண்டிக்கில் பட்டம் விட்டுக் காற்றின் வெப்பநிலையை அளந்தவர். முதல் உலகப் போரின்போது விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். காற்றைப் பற்றி எழுதுகிறவர்களில் காற்றில் நனைந்தவர்கள் கொஞ்சம், அவர்களில் ஒருவர்.

விமானம் மேகத்தின் அடிக்கு ஏறுகிறது. செவ்வகம் தொடங்குகிறது. நீளம் 120 கிலோமீட்டர், அகலம் 20. ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். பக்கவாட்டில் பார்க்கும் லேசரும் ரேடாரும் தாங்கள் பார்க்கிற மேகங்களைக் கணக்கெடுக்கின்றன. சன்னலுக்கு வெளியே வெள்ளை வந்து மூடும், நான்கு வினாடி, ஐந்து வினாடி, மறுபடி நீலம். சிறிது நேரத்தில் அலுத்துவிடுகிறது. அலுப்பு இந்த வேலையின் இயல்பு. ஒருவர் சாண்ட்விச்சைப் பிரிக்கிறார். தலைமை விஞ்ஞானி மட்டும் திட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொண்டே இருக்கிறார்: மேகம் நுழைந்தது, தூறல் பட்டது, மூக்கில் தண்ணீர் இருக்கலாம். எல்லாம் தானாகவே பதிவாகும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் பென்சில்? தூறல் பட்ட அந்த நிமிடத்தை வெட்டி எறிய வேண்டுமா கூடாதா என்று பிறகு ஒருநாள் வாதம் வரும். அன்றைக்கு இந்தப் பென்சில் எழுத்து பேசும்.

செவ்வகங்கள் முடிந்தபின் நடப்பதுதான் இந்தப் பறப்பில் மிக விசித்திரமான காட்சி.

விமானம் மேகங்களுக்கு மேலே, காற்று அடங்கிய உயரத்துக்கு ஏறுகிறது. குலுக்கல் நின்றுபோகிறது. மாணவரின் முகத்தில் ரத்தம் திரும்புகிறது. சீட் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளும்படி ஹெட்போனில் குரல். எதற்கு என்று யோசிப்பதற்குள் விமானி வேண்டுமென்றே மூக்கைத் தூக்குகிறார், தாழ்த்துகிறார், தூக்குகிறார், தாழ்த்துகிறார். சீரான அலையாக. வயிறு மேலே வந்து கீழே போகிறது. பிறகு சுக்கானை மிதித்து மூக்கை இடமும் வலமும் ஆட்டுகிறார். பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். பிறகு ஒரு திசையில் போய், திரும்பி அதே பாதையில் எதிர்த்திசையில் வருகிறார். அமைதியான வானத்தில், குலுக்கல் இல்லாத இடத்தில், விமானம் தானே குலுங்கிக் காட்டுகிறது. லென்ஷோ அசைவுகள் என்று இதற்குப் பெயர்.

இப்போது எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். சாண்ட்விச் கீழே வைக்கப்பட்டுவிட்டது. விமானம் மேலும் கீழும் ஆடும்போது துளைகளின் அழுத்தம் ஆடும். கைரோ காட்டும் கோணமும் ஆடும். இரண்டையும் கழித்தால் வரும் காற்றின் கோடு ஆடவே கூடாது. ஏனென்றால் வெளியே காற்று ஆடவில்லை. கோட்டில் விமானத்தின் அலை தெரிந்தால், கணக்கில் எங்கோ விமானம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். விமானத்தின் ஏற்ற இறக்க வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றின் கோட்டில் கசியக் கூடாது என்பது லென்ஷோ வைத்த வரம்பு. மூக்கைத் தூக்கும்போது இறக்கைகளும் காற்றைத் தூக்கி வளைக்கின்றன. அந்த வளைவு மூக்கின் முன்வரை எட்டிப்போகிறது. தான் கலைத்த காற்றைத் தானே அளந்துவிடாமல் இருக்க, எவ்வளவு கலைக்கிறோம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

திரையில் மூக்கின் கோடு பெரிய மலையும் பள்ளமுமாகப் போகிறது. காற்றின் கோடு ஏறக்குறைய நேராக, மிகச் சின்ன நெளிவோடு போகிறது. தலைமை விஞ்ஞானி அந்த நெளிவையே பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் ஒரு டிக் போடுகிறார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுகிறார். மற்றவர்கள் டிக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த நெளிவைத் திருத்துவதற்குத் தூலூஸ் போனபின் யாரோ சில வாரங்கள் உட்காருவார்கள்.

உண்மையைச் சோதிக்க இன்னொரு வழியும் இருக்கிறது; அது தரைக்கு வந்தபின். பெரிய சுழி உடைந்து சின்னச் சுழியாகி, அது இன்னும் சின்னதாகிப் போகும் வரிசையில், எந்த அளவுச் சுழியில் எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்பதற்கு ரஷ்யாவின் கோல்மோகோரோவ் 1941இல் ஒரு விதி சொன்னார். வரைபடத்தில் போட்டால் கோடு மூன்றுக்கு ஐந்து என்ற சரிவில் இறங்கும். அதோடு, விமானம் போகும் திசையில் உள்ள அசைவைவிட மேல்கீழ் அசைவும் பக்கவாட்டு அசைவும் சிறு சுழிகளில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக, அதாவது மூன்றுக்கு நான்காக இருக்க வேண்டும். கருவி இதைக் காட்டாவிட்டால் காற்றைக் குறை சொல்ல வழியில்லை. எங்கேயோ குழாய் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கேயோ ஒரு எண் தள்ளிப்போயிருக்கிறது.

நான்கரை மணி நேரம் கழித்து ஏடிஆர் இறங்குகிறது. எரிபொருள் வண்டி காத்திருக்கிறது; இன்றே இன்னொரு பறப்பும் இருக்கிறது. உப்புப் படிந்த கண்ணாடியைக் கழுவுகிறார்கள். தகவல்களை நகல் எடுக்கிறார்கள். மெக்கானிக் மறுபடி ஏணியோடு மூக்குக்கு வருகிறார்.

இதே மாதிரி மூக்குள்ள ஒரு பிரிட்டிஷ் விமானம், பிஏஇ-146, 2016இல் லக்னோவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறந்து நம் பருவமழைக் காற்றை அளந்தது. தென்னாட்டின் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை அறியவும் இந்த மூக்குகள் வந்து போயிருக்கின்றன என்பதைச் செய்திகளில் பார்த்தவர் சொற்பம். இப்படிப்பட்ட பறப்புகளுக்கு விளம்பரம் கிடையாது. புயலுக்குள் புகும் விமானங்களைப் பற்றிப் படம் எடுப்பார்கள். சாதுவான மேகத்துக்கு அடியில் செவ்வகம் போடுகிறவர்களை யார் எடுப்பார்கள்?

பார்படோஸில் அந்த ஒரு மாதத்தில் ஏடிஆர் ஏறக்குறைய இருபது முறை பறந்தது. முடிவு வந்தது 2022இல். ரஃபேலா ஃபோகல் முதலானோர் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை. ஹாலோ போட்ட கருவிகளிலிருந்து மேகத்தின் அடியில் எவ்வளவு காற்று மேலே போகிறது என்று கணக்கிட்டார்கள். ஏடிஆர் மேகத்தின் அளவைக் கொடுத்தது. மேலே போகும் காற்று கூடிய நாட்களில் மேகம் உலர்ந்து குறைந்திருக்க வேண்டும் என்பது பயம். அளந்து பார்த்தால் அந்த நாட்களில் மேகம் கூடியிருந்தது. காற்று எழுவது, மேகம் உண்டாவது இரண்டும் கலப்பால் உலர்வதைவிட வலுவாகப் பிணைந்திருந்தன. சாதுவான மேகங்கள் வெப்பத்துக்கு அவ்வளவு எளிதில் கலைந்துவிடுவதில்லை. மேகங்கள் பெரிதும் கரைந்து பூமி மிகக் கடுமையாகச் சூடாகும் என்று சொன்ன மாதிரிகளின் கணக்கு இந்த இடத்தில் நிற்கவில்லை. பூமி சூடாகவில்லை என்று இதை யாரும் படித்துக்கொள்ளக் கூடாது. மிக மோசமான கணக்குகளில் ஒன்று தள்ளுபடியானது, அவ்வளவுதான். தள்ளுபடி செய்தது வாதம் இல்லை, அளவீடு.